பைப்ல ஆயில் இருந்தா டர்போ போச்சுன்னு யாருங்க சொன்னது?

ரெண்டு மாசத்துல இது மூணாவது வண்டி. செகண்ட் ஹேண்ட்ல எடுத்த டீசல் கார், ஏர் ஃபில்டர் மாத்தலாம்னு என்ஜினுக்கு காத்து போற பைப்ப கழட்டினா உள்ள ஆயில் பிசுபிசுன்னு இருக்கு, பக்கத்துல நின்ன யாரோ "டர்போ சீல் போச்சு"ன்னு சொல்ல, காத்த அழுத்தி என்ஜினுக்குள்ள தள்ளுற அந்த டர்போவையே மாத்திட்டாங்க. ஆயிரம் கிலோமீட்டர் ஓடல, மறுபடி அதே ஆயில். அப்புறம்தான் நம்மகிட்ட வர்றாங்க. என்ஜினுக்குள்ள சேர்ற கேஸ வெளியேத்துற குழாய், பிரீதர் ஹோஸ கழட்டினேன், உள்ள தார் மாதிரி அடைச்சு கிடக்கு. அவ்ளோதான் வியாதி. பழைய டர்போ டிக்கியிலயே இருந்துச்சு, எடுத்து சுத்திப் பாத்தா ஒரு குறையும் இல்ல. வயிறு எரிஞ்சுது.

இன்டேக்ல, அதான் அந்த காத்து போற பைப்ல, கொஞ்சம் ஆயில் இருக்கத்தான் செய்யும். புது என்ஜின்லயே பிஸ்டன் ரிங்க தாண்டி கொஞ்சம் கேஸ் கீழ இறங்கும், அது ஆயில் ஆவியோட மேல வரும், அத காத்துல விடக்கூடாதுன்னு பிரீதர் வழியா இன்டேக்குக்கே திருப்பி விட்டிருக்காங்க. அதனால விரல் வச்சா ஒட்டுதுன்னு பதறாதீங்க. பைப்ப சாய்ச்சா ஊத்துதா, அப்ப பேசலாம்.

இப்ப டர்போ கதை. டர்போலருந்து என்ஜின் அடியில ஆயில் தேங்குற சம்ப்புக்கு ஆயில் இறங்குற பைப்ல பம்ப் எதுவும் கெடையாது, தானா வழிஞ்சு இறங்கணும். பிரீதர் அடைச்சு என்ஜினுக்குள்ள பிரஷர் ஏறிட்டா அந்த ஆயில் எங்க போகும்? சீல தாண்டி இன்டேக் பைப்புக்குத்தான் வரும். அந்த சீலும் நீங்க நெனைக்கிற மாதிரி ரப்பர் இல்ல, சின்ன இரும்பு ரிங்கு, ரெண்டு பக்க பிரஷர் வித்தியாசத்த நம்பித்தான் நிக்குது. ஏர் ஃபில்டர் மண்ணு அடைச்சிருந்தாலும் இதே மாதிரி இழுக்கும். புது டர்போ போட்டாலும் வரும், பத்து டர்போ போட்டாலும் வரும்ங்க!

ஆயில் எந்த எடத்துலருந்து ஆரம்பிக்குதுன்னு பாருங்க, பாதி வேலை முடிஞ்சுது. பிரீதர் வந்து சேர்ற எடத்துலருந்தே ஈரம்னா பிரீதர் பக்கம் போங்க. டர்போவுக்கு முன்னாடி காஞ்சு இருக்கு, தாண்டினதும்தான் நனைஞ்சிருக்குன்னா டர்போவ சந்தேகப்படுங்க. அப்பவும் என்ஜின் ஆஃப்ல, ஆறினதுக்கு அப்புறம் டர்போ உள்ள இருக்கிற வீல ஆட்டிப் பாருங்க. பக்கவாட்டுல லேசா ஆடும், அது ஆயில் படலத்துக்கு விட்ட இடம். முன்ன பின்ன ஆடினாலோ பிளேடு கூட்டுல உரசியிருந்தாலோ தான் போச்சுன்னு அர்த்தம்.

ஆயில் லெவல் டிப்ஸ்டிக்ல மேல் கோட்ட தாண்டியிருக்கான்னும் பாத்துடுங்க, கூட ஊத்தி வச்சே இன்டேக்க நனைச்சவங்க நெறைய பேரு. அப்புறம் பேக் கம்ப்ரஷன், அதான் ரிங்க தாண்டி கேஸ் கீழ இறங்குறது. ஐடில்ல ஆயில் மூடிய தொறந்தா லேசா ஆவி வரும், அது பரவால்ல. ரயில் மாதிரி குப் குப்புன்னு அடிச்சா ரிங்கு தேஞ்சிருக்கலாம், கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்க. பெட்ரோல் வண்டின்னா, குறைவா காட்டின சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு திரும்ப எடுத்தா ஏறுதுன்னா ரிங்குதான்; டீசல்ல இப்படி ஆயில் விடாதீங்க. மூடிய கவுத்து வச்சு அது ஆடுதா பறக்குதான்னு பாக்குறதெல்லாம் டெஸ்ட் இல்ல, தயவு செஞ்சு விட்டுடுங்க.

வண்டி வாங்கப் போறவங்களுக்கு ஒண்ணு. பழைய வண்டியில இன்டேக் பைப் மட்டும் பளபளன்னு இருந்தா நான் நம்ப மாட்டேன், யாரோ தொடச்சிருக்காங்க. வாங்கினதும் நீங்களே தொடச்சு, ஐநூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி கழட்டிப் பாருங்க. உள்ள போற காத்த அளக்குற எம்ஏஎஃப் சென்சார்ல மட்டும் துணி படக்கூடாது.

டீசல் வண்டின்னா இத விளையாட்டா எடுத்துக்காதீங்க. டர்போ தள்ளுற காத்த ஆற வைக்கிற இன்டர்கூலர்ல தேங்குன ஆயில என்ஜின் உறிஞ்ச ஆரம்பிச்சா சாவிய ஆஃப் பண்ணாலும் நிக்காது, அதுபாட்டுக்கு ரெய்ஸ் ஆகும். கியர் வண்டின்னா டாப் கியர் போட்டு பிரேக்க அழுத்தி மிதிச்சுக்கிட்டு கிளட்ச்ச விட்டு அமத்தப் பாருங்க. முடியலையா, எறங்கி தள்ளிப் போயிடுங்க, இன்டேக்க கையால அடைக்கிற வீரமெல்லாம் வேணாம்.

நெஜமாவே டர்போ போயிருந்தா மாத்துங்க, கூடவே இன்டர்கூலர கழட்டி கழுவச் சொல்லுங்க, ஆயில் வர்ற பைப்பும் இறங்குற பைப்பும் அடைப்பு இல்லாம இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. ஆனா அதுக்கு முன்னாடி "பிரீதர கழட்டிப் பாத்தீங்களாண்ணே"ன்னு மெக்கானிக்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. அதுக்கே கோவிச்சுக்கிட்டாருன்னா வண்டிய எடுத்துட்டு வந்துடுங்க.