இலக்கு பார்வையாளர்: யார் இவர்கள்?

ஆத்தங்குடியில் பூக்கல் (பூ வேலைப்பாடுள்ள தரைக்கல்) பட்டறை வைத்திருக்கும் என் சித்தப்பாவுக்கு ஒரு விளம்பர நிறுவனம் மாதக் கடைசியில் அறிக்கை அனுப்பியது. “உங்கள் இலக்கு பார்வையாளர்களைச் சென்றடைந்தோம். பதிவுகள்: 40,000.” பதிவு என்றதும் கல்லுக்கு முன்பதிவு என்று நினைத்து மனுஷன் ஆடிப்போய்விட்டார். ‘இம்ப்ரெஷன்’ என்பதைத்தான் அப்படிப் பெயர்த்திருக்கிறார்கள். விளம்பரம் 40,000 முறை திரையில் வந்துபோனது, அவ்வளவுதான்.

பதிவை விடுங்கள், பார்வையாளருக்கு வருவோம். ஆங்கிலத்தில் டார்கெட் ஆடியன்ஸ், அதாவது விளம்பரம் யாரைக் குறிவைக்கிறதோ அவர்கள். டார்கெட் முதலில் சிறு கேடயம், பிறகு அம்பெய்து பழகும் குறி. ஆடியன்ஸுக்கு லத்தீன் வேர், ‘கேட்பது’.

‘இலக்கு பார்வையாளர்’ என்பதில் நடுவே ‘ப்’ எங்கே போயிற்று? சரி, சந்தியை இப்போது யார் பார்க்கிறார்கள். பார்வையாளர் என்றால் நமக்கு ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வருபவர், மைதானத்தில் ஆட்டம் பார்ப்பவர். இருவருமே பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள். சித்தப்பா விஷயத்திலும் அதேதான் நடந்தது. கண்ணாடிமேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் கூழை ஊற்றி, அச்சைத் தூக்கினால் பூ அப்படியே நிற்கும். அதைக் காட்டும் விளம்பர வீடியோவை யார்தான் பார்க்க மாட்டார்கள்? காரைக்குடியைச் சுற்றி வட்டம் போட்டு, 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் காட்டியிருக்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் இதயம் இதயமாகப் போட்டார்கள். வீடு கட்டித் தரை போடும் கட்டத்தில் நிற்பவர் யார், பழைய பாணியில் விடுதி எழுப்புகிறவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று ஒருவரும் தேடவில்லை. பார்வையாளர் என்று எழுதி வைத்தால் கண்களைத்தானே எண்ணுவார்கள்!

சிலர் ‘இலக்கு மக்கள்’ என்கிறார்கள். கேட்டால் அரசுத் திட்டத்துக்கு மனு கொடுக்க வரிசையில் நிற்பவர்கள் போல இருக்கிறது. வானொலிக்காரர்கள் ஒரு காலத்தில் ‘நேயர்’ என்று எவ்வளவு அழகாகச் சொன்னார்கள்! ஆனால் நேயரும் கேட்பவர்தான், வாங்குபவர் அல்லர்.

கடைத்தெருவில் வாங்க வருபவரைக் ‘கிராக்கி’ என்பார்கள். வடக்கேயிருந்து வந்த சொல்தான், ஆனாலும் பார்வையாளருக்கு ஆயிரம் மடங்கு மேல். தமிழிலேயே வேண்டுமென்றால் ‘கொள்வோர்’ இருக்கிறது. கொள்முதல், கொள்விலை என்று அந்த வேரை இன்னும் புழங்கத்தானே செய்கிறோம். ‘குறித்த கொள்வோர்’ என்று எழுதினால் அறிக்கை தயாரிப்பவருக்கே கை கொஞ்சம் தயங்கும்.

சித்தப்பா இத்தனையும் யோசிக்கவில்லை. நிறுவனத்துக்குப் போன் போட்டு, “பார்வையாளர் இருக்கட்டும் தம்பி, கிராக்கி எத்தனை?” என்றார்.

“ரீச் சூப்பரா இருக்கு சார்” என்றது மறுமுனை.