ஃபின்னிஷ்: வேற்றுமை எளிது, புணர்ச்சிதான் படுத்துகிறது

ஃபின்லாந்தில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று சொன்னால் போதும், "அந்த மொழியில 15 வேற்றுமையாமே" என்று யாராவது ஒருவர் கிளம்பிவிடுவார். எண்ணிக்கை சரிதான். இலக்கண நூல்கள் வழக்கமாக 15 என்றுதான் சொல்கின்றன. அமெரிக்க வெளியுறவுத் துறை அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கும் நிறுவனமும் ஃபின்னிஷைக் கடினமான மொழிகளின் பட்டியலில் வைத்து, அதற்குச் சுமார் 1,100 மணி நேர வகுப்பு தேவை என்கிறது. அதே பட்டியலில் தமிழும் இருக்கிறது. ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்களுக்காகப் போட்ட கணக்கு அது. தமிழ் பேசி வளர்ந்தவர் ஃபின்னிஷ் படிக்க உட்கார்ந்தால் தடுக்கி விழும் இடம் வேறு. வேற்றுமையை அவர் சுலபமாகத் தாண்டிவிடுவார், புணர்ச்சியில்தான் மாட்டிக்கொள்வார்.

ஃபின்னிஷ் சொற்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். குறிலா நெடிலா, ஒற்றையா இரட்டையா என்பதில்தான் அந்த மொழியின் உயிரே இருக்கிறது. அதற்கு நம் எழுத்து நன்றாகவே ஒத்துழைக்கிறது. துலி என்றால் நெருப்பு, தூலி என்றால் காற்று, துல்லி என்றால் சுங்கம். பலி, பல்லி, பலம், பாலம் என்று பிரித்துக் கேட்டு வளர்ந்த காதுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. கிரிக்கெட் 'பேட்' என்று சொல்லும்போது வாயில் வருகிற உயிருக்கு மட்டும் நம்மிடம் எழுத்து இல்லை. அதையும் 'எ' என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 15-ஐப் பார்த்துவிடுவோம். தலொ என்றால் வீடு. தலொஸ்ஸ: வீட்டில். தலொஸ்த: வீட்டிலிருந்து. தலோன்: வீட்டுக்குள். இவை மூன்றும் உள்ளிடத்துக்கு. மேற்பரப்புக்கும் அருகிடத்துக்கும் இன்னொரு மூன்று: தலொல்ல, தலொல்த, தலொல்லெ. ஆக, இருப்பது, கிளம்புவது, போய்ச் சேருவது என்ற மூன்றை 'உள்', 'மேல்' என்ற இரண்டால் பெருக்கினால் ஆறு வேற்றுமை முடிந்தது. மிச்சம் உள்ளவற்றில் மூன்று பேச்சில் அரிதாகத்தான் வரும். 'வீட்டிலிருந்து', 'வீட்டின்மேல்', 'வீடுவரை' எல்லாவற்றையும் தனித்தனி வேற்றுமையாக எண்ணினால் தமிழும் எட்டோடு நிற்காது. உருபு சொல்லின் கடைசியில் ஒட்டும் என்ற எண்ணமே ஆங்கிலக்காரருக்குப் புதிது. நமக்கு அது தாய்ப்பால். ஒரே ஒரு இடத்தில்தான் கொஞ்சம் சுதாரிக்க வேண்டும்: அங்கே அடைமொழியும் உருபு ஏற்கும். 'பெரிய வீட்டில்' என்பது இஸொஸ்ஸ தலொஸ்ஸ, அதாவது 'பெரியதில் வீட்டில்'.

எந்த ஊருக்கு 'உள்' உருபு, எந்த ஊருக்கு 'மேல்' உருபு என்பதற்கு விதி தேடாதீர்கள். ஹெல்சிங்கி, துர்கு, ஒவுலு மூன்றும் உள்ளே. தம்பெரெ, வன்தா, ரொவனியெமி மூன்றும் மேலே. ஃபின்லாந்தின் அண்டை நாடுகளில் ஸ்வீடனுக்கும் நார்வேக்கும் எஸ்டோனியாவுக்கும் 'உள்' உருபு வரும், ரஷ்யாவுக்கு மட்டும் 'மேல்' உருபு. வழக்கு அப்படி, மனப்பாடம்தான்.

சரி, துர்கு என்ற ஊரில் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். துர்கு, ஸ்ஸ இரண்டையும் சேர்த்தால் துர்குஸ்ஸ வர வேண்டுமே? வராது. துருஸ்ஸ என்பார்கள். 'க்' காணாமல் போய்விட்டது. ஹெல்சிங்கியில் இருக்கிறேன் என்றால் ஹெல்சிங்ஙிஸ்ஸெ. இங்ஙனம், அங்ஙனம் என்பதில் வருகிற அதே 'ங்ங'. நம் காலத்தில் அந்த எழுத்தை வாயால் சொல்ல இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

இரண்டு வேலைகள் இங்கே ஒன்றாக நடக்கின்றன. சின்ன வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். துர்குவுக்கு 'ஸ்ஸ', ஹெல்சிங்கிக்கு 'ஸ்ஸெ' ஏன்? ஃபின்னிஷில் அ, ஒ, உ மூன்றும் நாக்கு பின்னால் போய்ப் பிறப்பவை. அவற்றுக்கு இணையாக நாக்கை முன்னால் கொண்டுவந்து சொல்லும் மூன்று உயிர்கள் உண்டு. ஒரே சொல்லில் இரு கூட்டமும் கலப்பதில்லை. 'ஸ்ஸெ'யில் வருகிற அந்த 'பேட்' உயிர் அவற்றில் ஒன்று. சாதாரண எ, இ இரண்டும் எந்தப் பக்கமும் சேரும். சொல்லில் அ, ஒ, உ ஏதாவது ஒன்று இருந்தால் உருபும் பின்னுயிர் ஏற்கும். ஹெல்சிங்கியில் எ, இ மட்டுமே இருப்பதால் முன்னுயிர். நாக்கு ஒரு சொல்லுக்குள் முன்னும் பின்னும் ஓடாமல் இருக்கிற ஏற்பாடு. கொஞ்ச நாளில் வாய் தானாகவே பழகிவிடும்.

பெரிய வேலை, வல்லினம் மெலிவது. அசைதான் இதற்குச் சாவி. துர்கு என்பதில் இரண்டாம் அசை 'கு', உயிரில் முடிகிறது. 'ஸ்ஸ' வந்து ஒட்டியதும் அந்த அசை 'குஸ்' ஆகி ஒற்றில் முடிகிறது. அசை ஒற்றில் முடிந்தால் அதன் தலையில் இருக்கும் வல்லினம் மெலிய வேண்டும் என்பது விதி. இரட்டை ஒற்றையாகும், ஒற்றை வேறொன்றாகும்: ப் என்பது வ் ஆகும், த் என்பது ட் ஆகும், க் மறைந்தே போகும். மெல்லினத்தின் பின்னால் வந்தால் அந்த மெல்லினத்தோடு கரைந்துவிடும். 'ங்ங' வந்த வழி அதுதான்.

கடையில் காசு கொடுத்ததும் "ஒதத்கொ குய்தின்?" என்று கேட்பார்கள். ரசீது வேண்டுமா என்று அர்த்தம். புதிதாக வந்த மாணவர் 'குய்தி' என்று அகராதியில் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் சொல் குய்த்தி. செயப்படுபொருளைக் காட்ட வந்த 'ன்' கடைசி அசையை மூடியதால் 'த்த்' பாதியாகிவிட்டது. தமிழ் படிக்கும் வெளிநாட்டுக்காரர் 'வீட்டில்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு அகராதியில் 'வீட்டு' தேடுவதும் இதே பாடுதான். வீடு வீட்டில் ஆகிறது, ஆறு ஆற்றில் ஆகிறது. குற்றியலுகரத்தில் ட, ற இரட்டிக்கும் என்று நன்னூலே விதி சொல்கிறது. நாம் உருபு சேரும்போது இரட்டிக்கிறோம், அவர்கள் பாதியாக்குகிறார்கள். திசைதான் எதிர்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு விதிவிலக்கு. ஹெல்சிங்கிக்குப் போகிறேன் என்றால் ஹெல்சிங்கீன். கடைசி அசை 'கீன்' ஒற்றில்தானே முடிகிறது, பிறகு ஏன் மெலியவில்லை? பழைய ஃபின்னிஷில் இந்த உருபுக்கு நடுவில் ஒரு 'ஹ்' இருந்தது: ஹெல்சிங்கிஹின். அப்போது 'கி' திறந்த அசை, மெலிய வேண்டிய அவசியமே இல்லை. பிற்பாடு பேச்சில் ஹ் தேய்ந்து இரண்டு இகரங்களும் சேர்ந்து நெடிலாகிவிட்டன. ஹ் போனாலும் அது காப்பாற்றிய க் அப்படியே நிற்கிறது. பழைய பாடல்களிலும் மேற்குப் பகுதி வட்டார வழக்கிலும் அந்த ஹ் இன்னும் கேட்கும்.

விதிக்கு இன்று பாதி உயிர்தான். அவுதொ (கார்) போன்ற புதுச் சொற்களில் ஒற்றை வல்லினம் மெலிவதில்லை, அவுதொஸ்ஸதான். ஆனால் இணையத்துக்கு வந்த நெத்தி என்ற சொல் நெதிஸ்ஸெ என்று ஒழுங்காகப் பாதியாகிறது.

இந்த இடத்தில்தான் தமிழ்க் காது காலை வாருகிறது. மதொ என்றால் புழு, மத்தொ என்றால் தரைவிரிப்பு. தமிழில் இரு உயிர்களுக்கு நடுவே ஒற்றை வல்லினம் வந்தால் மென்மையாக ஒலிக்கும். மகன், மாதம் என்று சொல்லிப் பாருங்கள். வன்மையாக ஒலிக்க வேண்டுமானால் இரட்டிக்க வேண்டும். அதனால்தான் ஆங்கிலச் சொற்கள் நம்மிடம் பாக்கெட், ராக்கெட், காப்பி என்று ஆயின. ஃபின்னிஷில் ஒற்றையும் வன்மையாகத்தான் ஒலிக்கும், நேரம் மட்டும் குறைவு. வன்மையாகக் கேட்டதெல்லாம் இரட்டை என்று நினைக்கிற காதுக்கு மதொ, மத்தொ இரண்டுமே மத்தொ.

காது இப்படிப் பழக்கத்துக்கு அடிமையாவதை ஹெல்சிங்கியிலேயே அளந்திருக்கிறார்கள். ஒரே ஒலி திரும்பத் திரும்ப வரும்போது நடுவில் வேறோர் ஒலி நுழைந்தால், நாம் கவனிக்காதபோதும் மூளையில் ஒரு சிறு மின் அலை எழும். 1978-ல் இதை முதலில் விவரித்தவர்களில் ஒருவர் ரிஸ்தோ நேதெனென். 1997-ல் அவரும் குழுவினரும் ஃபின்லாந்துக்காரர்களையும் எஸ்டோனியர்களையும் ஒப்பிட்டார்கள். எஸ்டோனிய மொழியில் மட்டும் இருக்கிற ஓர் உயிரொலிக்கு எஸ்டோனியர் மூளையில் அலை வலுவாக எழுந்தது, ஃபின்லாந்துக்காரருக்கு மங்கலாக இருந்தது. தாய்மொழியில் இல்லாத வேறுபாட்டை மூளை பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மாணவரின் சோம்பல் இல்லை இது.

இத்தனை ஒற்றுமையைப் பார்த்தவர்கள் உறவு கொண்டாடாமல் இருப்பார்களா? கால்டுவெல் 1856-லேயே திராவிட மொழிகளை ஃபின்னிஷ் வகை மொழிகளோடு ஒப்பிட்டார். இன்று மொழியியலாளர்கள் பொதுவாக அந்த உறவை ஏற்பதில்லை. ஒட்டி ஒட்டிச் சொல் கட்டும் முறை துருக்கியிலும் ஜப்பானியத்திலும்கூட உண்டு.

வகுப்பில் சொல்லித்தருவது முதலில் எழுத்து மொழிதான். தெருவில் கேட்பது வேறு. 'நான் இருக்கிறேன்' என்பது புத்தகத்தில் மினெ ஒலென், பேச்சில் மெ ஓன். இருக்கிறேன், இருக்கேன் என்று இரண்டையும் வைத்துக்கொண்டு வாழ்கிற நாம் இதற்கெல்லாம் அசர வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பேச்சு எவ்வளவு வெட்டினாலும் புணர்ச்சி விதியில் கை வைப்பதில்லை. துர்குக்காரர்கள் தங்கள் ஊரில் இருப்பதை 'துருஸ்' என்றே முடித்துவிடுவார்கள். உருபில் ஒரு ஸ்தான் மிச்சம். அந்த ஒரு ஸ் அசையை மூடிவிடுவதால் அங்கேயும் க் வராது.