சிலிண்டர் தீரும்போது ஏன் அப்படி நாறுகிறது?

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "சிலிண்டர் தீரப்போகிற சமயத்தில் மட்டும் அடுப்படியில் கேஸ் வாடை தூக்கலாக வருகிறதே, ஏன்?"

சிலிண்டருக்குள் இருக்கும் புரொப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் வாடையே கிடையாது. 1937-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளிக்கு அடியில், வாடையில்லாத எரிவாயு கசிந்து தேங்கி வெடித்தது. ஏறக்குறைய முந்நூறு பேர் மாண்டார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் டெக்சாஸில் எரிவாயுவில் வாடை சேர்க்கச் சட்டம் வந்தது. நம் சிலிண்டரில் சேர்ப்பது எத்தில் மெர்காப்டன். சாராயத்தில் உள்ள எத்தனாலில் ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் கந்தகத்தை வைத்தால் அதுதான். கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த இந்தத் தொகுதியைக் கொண்ட சேர்மங்களுக்குத் தயால் என்று பெயர்.

மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும் ஹைட்ரஜன் பிணைப்பில் கந்தகத்துக்குப் பலம் குறைவு. அதனால் எத்தனால் 78 டிகிரியில் கொதிக்க, அதைவிடக் கனமான மெர்காப்டன் 35 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஆனால் புரொப்பேன் கொதிப்பது மைனஸ் 42-இல், பியூட்டேன் பூஜ்ஜியத்தை ஒட்டி. அவை முந்திக்கொண்டு ஆவியாக, மெர்காப்டன் அடியில் உள்ள திரவத்தில் பின்தங்கிச் சேர்ந்துகொண்டே வருகிறது. கடைசியில் வரும் வாயுவில் அதன் பங்கு கூடிவிடும். வாசகி கவனித்தது இதைத்தான். இருந்தாலும் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு, ரெகுலேட்டரை மூடுங்கள். அப்புறம் சோப்பு நுரை தடவிப் பாருங்கள்.

என்னை வியக்க வைப்பது மூக்குதான். நூறு கோடி காற்று மூலக்கூறுகளுக்கு நடுவே ஒன்று மெர்காப்டனாக இருந்தாலே நமக்குத் தெரிந்துவிடுகிறது. எத்தனாலை மோப்பம் பிடிப்பதில் மூக்குக்கு இந்தக் கூர்மை இல்லை. கந்தகத்துக்குத் தாமிரத்தின் மேல் தீராத நாட்டம். நம் மூக்கில் தயாலை உணரும் ஓர் ஏற்பிப் புரதம் தாமிர அயனியின் துணையோடுதான் நன்றாக வேலை செய்கிறது என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. உள்ளே வரும் தயாலின் கந்தகம் அந்தத் தாமிரத்தைப் பற்றிக்கொள்ள, புரதம் வடிவம் மாறி, நரம்புக்குச் செய்தி போகிறது என்று கருதுகிறார்கள். உடம்புக்குள் இருக்கும் ஒரு துளி உலோகம் நம்மைக் காக்கிறது! மூக்கைப் பற்றிய ஆராய்ச்சிக்கு எதற்குப் பணம் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

டெல்டாக்காரர்களுக்கு இன்னொன்று. தண்ணீர் நின்ற வயலில் கறுப்புச் சேற்றை மிதித்தால் குமிழி கிளம்பி அழுகிய முட்டை வாடை வரும். குமிழியில் பெரும்பங்கு மீத்தேன், அதற்கு வாடை இல்லை. நாறுவது, காற்றுப் புகாத சேற்றில் பாக்டீரியாக்கள் சல்ஃபேட்டிலிருந்து உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. வயலைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக வைத்தால் அது குறையும். அடியக்கமங்கலம், குத்தாலம் பக்கத்துக் கிணறுகளிலிருந்து வரும் எரிவாயுவிலும் முக்கியமானது அதே மீத்தேன்தான். மெர்காப்டனைப் பொதுவாக ஊர்களுக்கு விநியோகிக்கும் கட்டத்தில்தான் கலக்கிறார்கள். எனவே வயலுக்கு அடியில் போகும் பெருங்குழாய் கசிந்தால் "வாடை வரலையே" என்று நிம்மதி கொள்ள வழியில்லை. அந்தக் குழாய்கள் போகும் ஒவ்வொரு ஊராட்சியிலும் மீத்தேனைக் காட்டும் கருவி இருக்க வேண்டும், அதன் அளவு ஊர்மக்கள் பார்க்கும்படி வெளியே தெரிய வேண்டும்.