மைக்குக்குள் ஒரு கடிகாரம்

நங்கநல்லூரில் எங்கள் வீட்டு மாடி அறை. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவில் வாங்கி வந்த யூஎஸ்பி மைக்கை அக்கா மகள் லேப்டாப்பில் செருகினாள். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளைத் திறந்து, மிருதங்க டிராக்கை ஓடவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட ஆரம்பித்தாள். இரண்டு வரி தாண்டவில்லை.

"மாமா, என் குரல் எனக்கே லேட்டா கேக்குது. தாளம் நிக்க மாட்டேங்குது."

மைக்கில் கோளாறு எதுவும் இல்லை. குரல் போய்த் திரும்பும் வழிதான் நீளம்.

முதலில் மைக்கின் உள்ளே பார்ப்போம். ஒரு மெல்லிய சவ்வு, அதன் பின்னால் ஒரு தகடு. இரண்டும் சேர்ந்து ஒரு மின்தேக்கி. குரல் பட்டு சவ்வு அதிரும்போது இடைவெளி கூடிக் குறைகிறது, கூடவே மின்னழுத்தமும் மாறுகிறது. இதற்கு வேண்டிய மின்னூட்டத்தைப் பொருளுக்குள்ளேயே நிரந்தரமாகப் பூட்டிவைக்கும் எலக்ட்ரெட் மைக்கை 1962இல் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் உருவாக்கினார்கள். மலிவு மைக்குகள் பெரும்பாலும் அந்த வம்சம்தான். ஸ்டூடியோவில் தனித்தனிப் பெட்டிகளாக இருக்கும் பெருக்கியும், ஒலியை எண்ணாக்கும் சில்லும் யூஎஸ்பி மைக்கில் ஒரே குழாய்க்குள் அடங்கிவிடுகின்றன. அந்தச் சில்லு வழக்கமாக நொடிக்கு 48,000 முறை மின்னழுத்தத்தை அளக்கிறது. மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதைப் பிடிக்க இரு மடங்குக்கு மேல் அளந்தாக வேண்டும் என்பதால் இந்தக் கணக்கு.

அளந்த எண்கள் உடனே மென்பொருளுக்குப் போய்விடுவதில்லை. நம்ம ஊர் ஷேர் ஆட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் நிறையாமல் வண்டி கிளம்பாது. கம்ப்யூட்டரில் அந்த வண்டிக்கு பஃபர் என்று பெயர். ஒரு சீட்டுக்கு ஓர் எண்; 1024 சீட் வண்டி என்றால் நிறைய 21 மில்லிநொடி ஆகும். குரல் ஹெட்போனுக்குத் திரும்பி வரவும் அதேபோல் இன்னொரு வண்டி. ஆக 43 மில்லிநொடி. விண்டோஸ் தன் பங்குக்குச் சேர்ப்பது தனி. காற்றில் ஒலி இந்த நேரத்தில் சுமார் 15 மீட்டர் போய்விடும். அதாவது, தெருமுனையில் நின்று வேறு யாரோ தன் குரலில் பாடுவதைக் கேட்டுக்கொண்டே அவள் தாளம் போட வேண்டும். அவளுடைய நிஜக் குரலோ மண்டை எலும்பு வழியாக முன்னமே காதுக்கு வந்துவிட்டது.

வண்டியைச் சின்னதாக்கலாமே? ஆக்கலாம். 128 சீட் போட்டால் ஒரு நடைக்கு 2.7 மில்லிநொடிதான். ஆனால் நடை எட்டு மடங்காகும். பழைய லேப்டாப் ஒரு நடையைத் தவறவிட்டாலும் ரெக்கார்டிங்கில் 'டிக்' என்று விழும்.

இதைவிட எளிய வழி மைக்கின் அடியிலேயே இருந்தது: ஹெட்போன் செருகும் ஓட்டை. அதில் செருகினால், குரல் கம்ப்யூட்டருக்குப் போகாமல் மைக்குக்குள்ளேயே திரும்பி நேராகக் காதுக்கு வருகிறது. மென்பொருள் வழியாகக் குரலைக் கேட்கும் வசதியை மறக்காமல் அணைத்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் குரல் இரண்டு தடவை கேட்கும். இந்த ஓட்டை இல்லாத மைக்கை, பாடுகிறவர்கள் வாங்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

அந்த ஓட்டைக்கு இன்னொரு பயனும் உண்டு. மைக்குக்குள் 48,000ஐ எண்ணுவதற்கு ஒரு படிகக் கடிகாரம் இருக்கிறது. லேப்டாப்பின் ஒலிச்சில்லுக்கு வேறொரு கடிகாரம். இரண்டும் அச்சுப் பிசகாமல் ஓடாது. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்றால்கூட நிமிடத்துக்கு 3 மில்லிநொடி. மூன்று நிமிடப் பாட்டில் தெரியாது. இருபது நிமிடம் விஸ்தாரமாகப் பாடினால் 60 மில்லிநொடி. மிருதங்கமும் குரலும் ஒட்டாது. டிராக் முழுதும் ஒரே அளவு தள்ளியிருந்தால் பிடித்து இழுத்துச் சரிசெய்துவிடலாம். போகப்போக விலகுவதை அப்படிச் சரிசெய்ய முடியாது. மிருதங்கத்தையும் மைக்கின் ஓட்டை வழியாகவே கேட்டால் இரண்டுக்கும் ஒரே கடிகாரம், வம்பு தீர்ந்தது. பாட்டுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று என்று இரண்டு யூஎஸ்பி மைக்கை ஒரே லேப்டாப்பில் மாட்டினால் தலைவலி வருவதற்கும் இதுவே காரணம். அங்கே சாதா மைக் இரண்டும், இரண்டையும் ஒரே கடிகாரத்தில் எண்ணாக்கும் பெட்டியான ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸும்தான் சரி.

கெயின், அதாவது மைக் குரலை எவ்வளவு பெருக்குகிறது என்பது பற்றி ஒரே வார்த்தை: குரல் உச்சத்துக்குப் போகும்போதும் மென்பொருளின் ஒலி மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது; பூஜ்ஜியம்தான் அதன் உச்சவரம்பு. மைக்குக்குள்ளேயே அலையின் தலை வெட்டுப்பட்டுவிட்டால், பிறகு மென்பொருளில் ஒலியைக் குறைத்துப் பயனில்லை. வெட்டுப்பட்டது சின்னதாகக் கேட்கும், அவ்வளவுதான்.

மற்றது அறைச் சத்தம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் ஏறும். ஃபேன் சத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும். மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பாடு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒரு சாண் தூரத்தில் உட்காரவைத்து, பாடுவதற்கு முன் ஐந்து நொடி ஃபேன் சத்தத்தை மட்டும் பதிவு செய்தோம். அதை மாதிரியாகக் காட்டினால் ஆடாசிட்டி ஓரளவு கழித்துவிடும். ஒரே சீராக ஓடும் இரைச்சல் என்பதால் அது நடக்கிறது. மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பும் விமானத்திடம் இது பலிக்கவில்லை. அதன் சத்தம் நொடிக்கு நொடி மாறுகிறது. சரணத்தின் நடுவில் ஒன்று வந்தது. நிறுத்தினோம். போனதும் சரணத்தை முதலிலிருந்து எடுத்தாள்.