வெட்டும் முன் ஒரு முக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட வீடுகளில் அலமாரியைத் திறந்தால் தைக்காத துணி இரண்டு மூன்றாவது இருக்கும். தீபாவளிக்கு எடுத்தது, கல்யாண வீட்டில் வைத்துக் கொடுத்தது. அம்மா அப்படி மடித்து வைத்திருந்த 'வாயில்' (voile) என்ற மெல்லிய பருத்தித் துணியில் போன மாதம் எனக்கொரு தொளதொள சட்டை தைத்தேன். கத்திரியைத் தொடுமுன் துணியை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டேன். அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை விறைப்பாக இழுத்துக் கட்டித்தான் நெய்கிறார்கள். அந்த இழுப்பு துணிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பருத்தியின் செல்லுலோஸ் மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. தண்ணீர் உள்ளே புகுந்ததும் அந்தப் பிடி தளர்கிறது, இழைகள் ஊறிப் பருக்கின்றன. பருத்த, குறுக்குவாக்கில் ஓடும் ஊடை நூல்களுக்கு மேலும் கீழுமாக வளைந்து போகப் பாவு நூலுக்குக் கூடுதல் நீளம் வேண்டும். நூல் எங்கிருந்து நீளும்? துணிதான் குறுகும். 70 செ.மீ. நீளச் சட்டை 5 விழுக்காடு சுருங்கினாலே மூன்றரை செ.மீ. போய்விடும். தைத்த பிறகு அதை யாராலும் திருப்பித் தர முடியாது.

பல வருடம் கிடந்த மடிப்புத் தடமும் இதே பிணைப்புகளின் வேலைதான். லேசாக ஈரம் தெளித்து, சூடாக அயர்ன் போட்டால் அவை விலகி, தட்டையான நிலையில் மறுபடி சேரும்.

இவ்வளவு மெனக்கெடப் பருத்திக்குத் தகுதி உண்டு. ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பம் தேவை. மெல்லிய வாயில் துணி வியர்வையை உறிஞ்சிப் பரப்பிவிடுகிறது, இடைவெளி வழியே காற்றும் நுழைகிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் பாலியெஸ்டர் மேலே ஒட்டிக்கொள்வதை அனுபவித்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஊசியையும் மாற்றுங்கள். வழக்கமான 14ஆம் எண் ஊசி 0.9 மி.மீ. தடிமன், வாயில் துணிக்கு 0.7 மி.மீ. உள்ள 10ஆம் எண் போதும். ஊசி கீழே போய்ச் சற்று மேலெழும்போது நூல் பின்பக்கம் சின்ன வளையமாகப் புடைக்கும். அந்த வளையத்தைத்தான் மெஷினின் கொக்கி பிடித்து அடிநூலோடு பின்னுகிறது. தடித்த ஊசியோடு மெல்லிய துணியும் சேர்ந்து எழும்பினால் வளையம் உருவாகாது, தையல் தாவிவிடும். மெல்லிய ஊசியிலும் தாவினால், துணிக்கு அடியில் மெல்லிய தாளை வைத்துத் தைத்துவிட்டு, பிறகு தாளை மட்டும் மெதுவாகக் கிழித்தெடுங்கள்.