சந்தா ஓடுகிறது, ஆளைக் காணோம்

தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அக்கா மகன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினான். "பாருங்க மாமா, செத்துப்போச்சு."

கணினி கேம்களை விற்கும் தளமான ஸ்டீமில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று காட்டும் வரைபடம். இடது பக்கம் ஒரு மலை, அப்புறம் சரிவு, அதற்குப் பிறகு தரையோடு ஒட்டிய கோடு. இரண்டு வருடமாக ராத்திரி தூங்காமல் அவன் ஆடிய எம்எம்ஓ அது, அதாவது ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகத்துக்குள் சேர்ந்து ஆடும் ஆன்லைன் கேம்.

"இது ஸ்டீம் வழியா வர்றவங்க மட்டும்தானே மாப்ளே. கம்பெனியோட சொந்த லாஞ்சர்ல வர்றவங்க?"

"அதெல்லாம் கொஞ்சம் பேர்தான் மாமா."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அந்த நிறுவனத்துக்கு வெளியே யாருக்குமே தெரியாது. நான் ஒன்பது வருடமாக ஆன்லைன் கேம் நிறுவனங்களில் தரவு பார்க்கிறவன். ஆட்கள் எப்போது வருகிறார்கள், எப்போது போகிறார்கள், எதனால் போகிறார்கள் என்று எண்ணித்தான் சம்பளம் வாங்குகிறேன். இந்த 'செத்துப்போச்சு, சாகலை' சண்டையை அலுவலகத்தில் ஒரு தடவை, வீட்டில் ஒரு தடவை என்று கேட்டுப் பழகிவிட்டது. சண்டை போடுகிற இரண்டு பக்கமும் பெரும்பாலும் வேறு வேறு விஷயத்தை எண்ணிக்கொண்டிருக்கும்.

கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மொய் நோட்டில் பெயர் உள்ளவர்கள் ஒரு கணக்கு. இந்த நிமிடம் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் வேறு கணக்கு. 'பதிவு செய்த ஆட்டக்காரர்கள்' என்று நிறுவனம் சொல்வது மொய் நோட்டு. அதிலிருந்து பெயரை யாரும் அடிப்பதில்லை, கூடிக்கொண்டேதான் போகும். ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற எம்எம்ஓவுக்கு 2021-இல் 2 கோடியே 40 லட்சம், அப்புறம் 3 கோடி என்று அறிவிப்பு வந்தது. இரண்டுமே மொய் நோட்டுக் கணக்குதான். ஸ்டீம் வரைபடம் பந்திக் கணக்கு. ஒரு பந்தியை எண்ணிவிட்டுக் கல்யாணத்துக்கு வந்ததே இவ்வளவு பேர்தான் என்று யாராவது சொல்வோமா?

பந்திக் கணக்கிலும் ஒரு வில்லங்கம் உண்டு. அமேசானின் நியூ வேர்ல்ட் 2021 செப்டம்பர் 28-இல் வெளியானது. ஸ்டீமில் அதன் உச்சம் 9,13,634. அடுத்த வருடத் தொடக்கத்திலேயே அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. சரிவு உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அந்த முதல் வாரத்தில் சர்வர்களில் இடமில்லாமல் ஆட்கள் மணிக்கணக்கில் வரிசையில் கிடந்தார்கள். கேம் திறந்திருந்தால் போதும், ஸ்டீமுக்கு அவரும் ஓர் ஆட்டக்காரர்தான். அதாவது சாப்பிடுகிறவரோடு சேர்த்து, நாற்காலிக்குப் பின்னால் இடம் பிடிக்க நிற்பவரையும் எண்ணியாயிற்று. வெளியே போனால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டுமே என்று கதாபாத்திரத்தை மரத்தடியில் நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனவர்களும் அதில் அடக்கம். அது மாதச் சந்தா இல்லாமல், ஒரு தடவை காசு கொடுத்து வாங்கிய கேம் வேறு. ஆடாமல் போனவருடைய காசு ஏற்கெனவே கல்லாவில் விழுந்துவிட்டது.

சந்தா விஷயத்துக்கு வருவோம். எங்கள் தொழிலில் இதை யாருக்கு விளக்கினாலும் பிளிசார்ட் நிறுவனத்தின் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற எம்எம்ஓவில்தான் போய் நிற்போம். 2004 நவம்பரில் வெளியானது. அமெரிக்காவில் மாதச் சந்தா 14.99 டாலர். 2010 அக்டோபரில் 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்கள் என்று பிளிசார்ட் அறிவித்தது. காலாண்டுக்கு ஒரு தடவை முதலீட்டாளர்களுக்கு அந்த எண்ணிக்கை போகும். வந்த அன்றே உலகம் முழுக்கச் சண்டை ஆரம்பிக்கும். ஆனால் சந்தாதாரர் என்றால் யார் என்பதை அறிக்கையின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் படித்தவர் எத்தனை பேர் என்று தெரியவில்லை. மாதச் சந்தா கட்டியவர், காலாவதியாகாத முன்பண அட்டை வைத்திருப்பவர், கேமை வாங்கி முதல் இலவச மாதத்தில் இருப்பவர், இதோடு நெட் கஃபேயில் கடந்த 30 நாளில் ஆடியவர், எல்லோரும் சந்தாதாரர்கள்தான். சீனாவில் மணிக்கணக்குக்குக் காசு கட்டி ஆடினார்கள். மாதத்தில் ஒரு சாயங்காலம் நெட் கஃபேயில் ஆடிவிட்டுப் போனவரும், கலிஃபோர்னியாவில் தினமும் ஆறு மணி நேரம் ஆடுகிறவரும் அந்தக் கணக்கில் ஆளுக்கு ஒன்று.

அதனால்தான் 2013-இன் முதல் மூன்று மாதங்களில் 96 லட்சம் 83 லட்சமாக இறங்கியபோது, பெரும்பகுதி கிழக்கு நாடுகளில் நடந்த இழப்பு என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. முதலீட்டாளருக்கு அதன் அர்த்தம் வேறு. தலைக்கு வரும் வருமானம் அங்கே குறைவு. அமெரிக்கச் சர்வரில் கில்ட் என்னும் ஆட்டக்காரர் குழுவை நடத்துகிறவருக்கோ அந்த 13 லட்சம் பேர் போனது தெரிந்தே இருக்காது.

அடுத்த வருடம் இதைவிட ஆட்டம் கண்டது. 2014 ஜூன் கடைசியில் 68 லட்சம். நவம்பரில் வார்லார்ட்ஸ் ஆஃப் டிரேனோர் என்ற எக்ஸ்பான்ஷன், அதாவது கேமின் புதுப் பாகம், வந்ததும் ஒரு கோடியைத் தாண்டியது. 2015 மார்ச் கடைசியில் 71 லட்சம், ஜூன் கடைசியில் 56 லட்சம். எக்ஸ்பான்ஷனைத் தீபாவளி ஜவுளிக் கூட்டம் மாதிரி பார்க்க வேண்டும். ரங்கநாதன் தெருவில் அந்த வாரக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, கார்த்திகையில் போய் நின்று 'கடைவீதி செத்துப்போச்சு' என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் கூட்டம் வந்ததைவிடக் குறைந்த நிலைக்குப் போனால் அது வேறு சங்கதி. 68-இலிருந்து ஏறி 56-இல் நின்றார்களே, கவலைப்பட வேண்டிய இடம் அதுதான். ஒரு கோடியிலிருந்து விழுந்தது அல்ல. 2015 செப்டம்பர் கடைசியில் 55 லட்சம். அதோடு சரி, இனி இந்த எண்ணிக்கையை வெளியிட மாட்டோம் என்று நிறுத்திவிட்டார்கள். 2024-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கேம் டெவலப்பர்கள் மாநாட்டில் சந்தா வரைபடம் ஒன்றைக் காட்டியபோதும் அதன் செங்குத்து அச்சில் எண் எதுவும் போடவில்லை. ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? பழைய எண்களை வைத்து அளவுகோல் போட்டு, 70 லட்சத்துக்கு மேலே என்று கண்டுபிடித்தார்கள். இந்த உழைப்புக்கு எங்கள் துறையில் வேலையே கொடுக்கலாம்.

இங்கே அக்கா மகனிடம் ஒன்று கேட்டேன். "நீ கடைசியா எப்போ உள்ளே போனே?"

"ஜூன்ல மாமா. எங்க ரெய்டு டீம் உடைஞ்சதும் விட்டுட்டேன்." ரெய்டு என்றால் பலர் குழுவாகச் சேர்ந்து பெரிய எதிரியைச் சாய்ப்பது.

"சந்தாவை நிறுத்திட்டியா?"

பதில் இல்லை. போனை வாங்கிப் பார்த்தால் மாதா மாதம் போய்க்கொண்டிருக்கிறது. கார்டு அவன் அப்பாவுடையது. 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலிருந்து தானாகப் போகும் சந்தாவுக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். வந்திருக்கிறது. கடன் தருகிறோம், கார்டு தருகிறோம் என்று வரும் செய்திகளோடு அதையும் அவர் தள்ளிவிட்டிருக்கிறார். நான்கு மாதமாக ஆடாதவன், செத்துப்போச்சு என்று எனக்கே படம் காட்டுகிறவன், அந்த நிறுவனத்தின் கணக்கில் உயிரோடு இருக்கும் சந்தாதாரர்.

இவனைப் போன்றவர்களுக்கு எங்கள் மீட்டிங்கில் 'தூங்குகிற அக்கவுண்ட்' என்று பெயர். தூங்குகிறவரை எழுப்பாதே என்பது எழுதாத விதி. 'உங்களைக் காணோமே' என்று மின்னஞ்சல் அனுப்பினால் அவருக்குச் சந்தா ஞாபகம் வந்து நிறுத்திவிடுவார். இதை நானே ஒரு காலத்தில் வரைபடம் போட்டு நிரூபித்திருக்கிறேன், பெருமையாகச் சொல்லவில்லை. நீண்ட காலச் சந்தாவும் இதே வேலையைத்தான் செய்யும். 2011 கடைசியில் பிளிசார்ட் ஒரு வருடத் திட்டம் போட்டது. 12 மாதம் சந்தா கட்ட ஒப்புக்கொண்டால் அவர்களுடைய இன்னொரு கேமான டயாப்லோ 3 இலவசம். பத்து லட்சத்துக்கு மேல் ஆட்கள் சேர்ந்தார்கள். அந்த வருடம் முழுக்க அவர்கள் ஆடினாலும் ஆடாவிட்டாலும் எண்ணிக்கையில் அசைவு இருக்காது.

சரி, ரிடென்ஷன் என்று சொல்லும் தங்கும் விகிதத்தைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடுமா? அதிலும் நான் சறுக்கியிருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் மாத ரிடென்ஷன் தொடர்ந்து ஏறியது. மேலிடம் கேக் வெட்டியது. எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது. இரண்டு வாரம் கழித்துப் புது ஆட்களையும் பழைய ஆட்களையும் சேர்ந்த மாதம் வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். கேமில் எதுவும் மேம்படவில்லை. செலவைக் குறைக்க விளம்பரத்தை நிறுத்தியிருந்தார்கள். புது ஆட்கள்தான் முதல் வாரத்திலேயே அதிகம் ஓடுகிறவர்கள். புதியவர் வரவே இல்லை என்றால் ஓடுவதற்கும் ஆள் இல்லை. மிஞ்சியவர்கள் ஐந்தாறு வருடமாக இருக்கும் பழம்பெருச்சாளிகள், அவர்கள் எதற்கும் போகமாட்டார்கள். ஊரில் குழந்தையே பிறக்காமல் இருந்தால் குழந்தை அழும் சத்தம் குறைந்துவிடும், அப்படித்தான். புதுச் சேர்க்கையைக் காட்டாமல் ரிடென்ஷனை மட்டும் யாராவது காட்டினால் அன்றிலிருந்து எனக்குக் கேக் வாசனை வருகிறது.

போகிறவர் கணக்கு கேட்க எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும். மாதம் நூற்றுக்கு 5 பேர்தானே என்பார்கள். அதே வேகத்தில் வருடம் முடியும்போது அந்த நூறில் 54 பேர்தான் மிச்சம். மாதம் 10 என்றால் 28 பேர். 10 லட்சம் சந்தாதாரர்கள் உள்ள கேமில் 5 சதவீதம் போனால், நின்ற இடத்தில் நிற்கவே மாதம் 50,000 புது ஆட்கள் வேண்டும். வெளியே பார்க்கிறவருக்கு 10 லட்சம் அப்படியே இருக்கும்.

தினசரி வருகைப் பரிசு இன்னொன்று. தினமும் உள்ளே வந்தால் தங்கக்காசு, ஏழு நாள் தொடர்ந்து வந்தால் ஒரு பெட்டி, ஒரு நாள் விட்டால் முதலிலிருந்து. போட்ட மாதமே ஏழாம் நாள் ரிடென்ஷன் உயரும். எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று பார்த்தால் பலர் ஒரு நிமிடம்கூட இல்லை. வந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு, போய்விடுகிறார்கள். ஆட்டம் பிடித்து வருகிறவரையும், விட்டுப்போய்விடுமே என்ற பதற்றத்தில் வருகிறவரையும் ஒரே கட்டத்தில் போட்டு எண்ணுகிறோம். கேமைத் திறக்கும்போது உங்கள் கை முதலில் எங்கே போகிறது என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். பரிசுப் பெட்டிக்குப் போய்விட்டு வெளியே வருகிறீர்கள் என்றால் நீங்கள் எங்கள் வரைபடத்துக்காக வந்துபோகிறீர்கள்.

ஃபைனல் ஃபேன்டஸி 14-இன் தயாரிப்பாளர் நவோகி யோஷிடா இந்த விஷயத்தில் வித்தியாசமானவர். ஆட எதுவும் இல்லையென்றால் சந்தாவை நிறுத்திவிட்டு வேறு கேம் ஆடுங்கள், ஆட புதிதாக ஏதாவது சேர்க்கும் பேட்ச் வரும்போது திரும்பி வாருங்கள் என்று வெளிப்படையாகவே சொல்பவர். 2021 டிசம்பரில் சர்வர் நெரிசல் தாங்காமல் கேமின் விற்பனையையே சில வாரம் நிறுத்தி வைத்தார்கள். ஆனால் அதே கேமில் வீடு வாங்கியவர் 45 நாள் வீட்டுக்குள் போகாவிட்டால் வீடு இடிபடும். போய்வாருங்கள் என்று வாசல்வரை வந்து வழியனுப்புகிறார்கள், சாவி மட்டும் அவர்களிடம்.

ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் நடத்தும் ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி எம்எம்ஓவின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அங்கே ஒருவரே நாலைந்து அக்கவுண்ட் வைத்திருப்பது சாதாரணம். 2013-இல் 5 லட்சம் சந்தாதாரர் என்றால் 5 லட்சம் மனிதர்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. புதியவர்களைப் பழைய ஆட்கள் வழிமறித்துக் கப்பலை வெடிக்கவைப்பதால்தான் எல்லோரும் ஓடுகிறார்கள் என்று அங்கே ரொம்ப நாள் வாக்குவாதம். 2015-இல் ரேக்யவிக் ரசிகர் விழாவில் சிசிபி தன் தரவைக் காட்டியது. தொடக்க நாட்களில் கப்பலைப் பறிகொடுத்தவர்கள், யாராலும் தொடப்படாதவர்களைவிட அதிகமாகத் தங்கியிருந்தார்கள். அடித்தால் தங்குவார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. அதிக நேரம் ஆடுகிறவனுக்கு அடிபடும் வாய்ப்பும் அதிகம், அதை மறக்கக்கூடாது. ஆனால் ஒன்று தோன்றுகிறது. அடிக்கவாவது ஒருவர் வந்தார். தனியாகப் பாறையைக் குடைந்துகொண்டிருந்தவரிடம் யாருமே வரவில்லை.

இப்போதிருக்கும் வேலையில் புது ஆள் ஒருவர் வந்தால் நான் முதலில் தேடுவது அவர் முதல் வாரத்தில் யாரிடமாவது பேசினாரா என்பதைத்தான். ஒரு கில்டில் டாங்க் ஆடும் ஒருவர், அதாவது முன்னால் நின்று எதிரியின் அடியைத் தாங்குகிறவர், போனால் அவரை நம்பிய ரெய்டு நின்றுவிடும். அடுத்த மாதம் கொத்தாகப் போவார்கள். விலகல் படிவத்தில் எல்லோரும் 'நேரமில்லை' என்றுதான் டிக் அடிப்பார்கள். எங்கள் வரைபடத்தில் அந்தக் கொத்து எட்டு தனித்தனிப் புள்ளியாக விழும்.

அன்று அக்கா மகனை உட்காரவைத்துச் சந்தாவை நிறுத்தினோம். இரண்டு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் செய்தி. "மாமா, எங்க டாங்க் அண்ணன் திரும்ப வந்துட்டாராம். ஞாயித்துக்கிழமை ரெய்டு."

கூடவே அந்த வரைபடத்தையும் அனுப்பியிருந்தான். கோடு அதே இடத்தில்தான் கிடந்தது.