தற்கூடல்: புரதங்கள் தாமே கூடுவதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

‘செல்ஃப் அசெம்பிளி’ என்ற சொல் அறிவியல் செய்திகளில் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. தனித்தனியாக மிதக்கும் மூலக்கூறுகள், வெளியிலிருந்து யாரும் கோத்துக் கொடுக்காமல், தம் வடிவத்தாலும் மேற்பரப்பின் தன்மையாலும் ஒன்றோடொன்று பொருந்தி ஒரு குறிப்பிட்ட அமைப்பாகச் சேர்வதுதான் அது. இதற்குத் தமிழில் ‘தற்கூடல்’ பொருந்தும் என்பது என் கட்சி.

முதலில் அசெம்பிளியைப் பார்ப்போம். ‘ஒருங்கே’ என்று பொருள்படும் ‘சிமுல்’ என்ற லத்தீன் சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் இந்த உருவத்தை அடைந்தது. பள்ளிக்கூடத்தில் காலையில் நடப்பது அசெம்பிளி. சென்னையில் எம்.எல்.ஏ.க்கள் உட்காருவதும் அசெம்பிளி. நாகர்கோவில் கடையில் பாகங்களை வாங்கிக் கம்ப்யூட்டர் பூட்டினால் அதுவும் ‘அசெம்பிள் பண்ணினது’. முதல் இரண்டிலும் ஆட்கள் தாமே வந்து கூடுகிறார்கள் (பள்ளியில் மணி அடித்துத்தான் கூட வைக்கிறார்கள், அது வேறு கதை). மூன்றாவதில் ஒருவர் கையால் பூட்டுகிறார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினை போதும். அதனால்தான் முன்னால் ‘செல்ஃப்’ சேர்க்க வேண்டிவருகிறது.

தமிழில் தன்வினை, பிறவினை வேறுபாடு வினைச்சொல்லிலேயே இருக்கிறது: கூடு, கூட்டு, திரள், திரட்டு. ‘சுய ஒருங்கிணைப்பு’ என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. இணைப்பு என்றால் இணைக்க ஓர் ஆள் வேண்டும். ‘தற்சேர்க்கை’ என்றால் கல்லூரி அட்மிஷன் ஞாபகத்துக்கு வருகிறது. ‘தற்கூடுதல்’ இலக்கணப்படி சரிதான். ஆனால் குமரி மாவட்டத்தில் ‘கூடுதல்’ என்றதும் ‘அதிகம்’ என்ற பொருள்தான் முதலில் காதில் விழும். மிஞ்சி நிற்பது கூடல். தன் + கூடல் = தற்கூடல். தற்காப்பு, தற்கொலை எல்லாம் புணர்வதும் இப்படித்தான்.

கூடல் பழைய சொல். ஆறுகள் சேருமிடம் கூடல்; மதுரைக்கும் அது பெயர். கன்னியாகுமரியில் முக்கடல் ‘சங்கமம்’ என்று எழுதி வைத்திருக்கிறோமே, அங்கேயும் கூடல் என்றே எழுதியிருக்கலாம். ‘கூடல் இழைத்தல்’ என்று ஒன்றும் உண்டு. பிரிந்தவன் வருவானா என்று பார்க்க, தலைவி கண்ணை மூடிக்கொண்டு மணலில் வட்டம் வரைவாள். முனைகள் கூடினால் வருவான். புரத வளையங்களிலும் முனை சரியாகக் கூடினால்தான் வளையம் மூடும் என்பதால், இந்தச் சொல்மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பிரியம்.

‘புரதம்’, புரோட்டீன் என்ற ஒலியைத் தழுவி வந்தது. 1838-இல் டச்சு வேதியியலர் முல்டர் இந்தப் பெயரை அச்சில் கொண்டுவந்தார். யோசனை சொன்னவர் சுவீடனின் பெர்சீலியஸ். கிரேக்கத்தில் ‘முதன்மையானது’ என்று பொருள்.

தற்கூடலைக் கண்கூடாகக் காட்டியது புகையிலைத் தேமல் வைரஸ். 1955-இல் ஃப்ரெங்கல்-கொன்ராட்டும் வில்லியம்ஸும் அந்த வைரஸின் புரதத்தையும் அதன் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வையும் பிரித்தெடுத்து, மறுபடி கலந்தார்கள். சுமார் 2,130 புரதத் துண்டுகள் ஆர்.என்.ஏ.வைச் சுற்றித் தாமே அடுக்கிக்கொள்ள, தொற்றக்கூடிய வைரஸ் திரும்பக் கிடைத்தது. கட்டியவர் யாருமில்லை.

சரி, புரதங்கள் ஒட்டிக்கொண்டாலே தற்கூடலா? இல்லை. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கு இது எளிதில் புரியும். சிரட்டையில் வடியும் பாலில் ரப்பர்த் துகள்கள் தனித்தனியே மிதக்கின்றன. அவற்றின் மேலுறையில் உள்ள புரதமும் கொழுப்பும் எதிர்மின்னூட்டம் தருவதால், துகள்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. டிஷ்ஷில் ஊற்றி ஃபார்மிக் ஆசிட் விட்டால் மின்னூட்டம் குறைந்து எல்லாம் ஒட்டி உறைகிறது. அப்புறம் ஷீட் அடிக்கிறோம். எத்தனை துகள், எந்தப் பக்கம் எதனோடு என்ற கணக்கே அங்கு இல்லை. அதற்குத் ‘திரளல்’ என்று பெயர் வைக்கலாம். கூடலில் எண்ணிக்கையும் திசையும் உண்டு. நம் உடலில் இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டின் 24 துண்டுகள் கூடிய உள்ளீடற்ற உருண்டை. ஒன்றும் கூடாது, ஒன்றும் குறையாது.

கூடக் கூடாத இடத்தில் கூடினால் நோய். அரிவாள் செல் சோகையில், ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் (புரதச் சங்கிலியின் ஒரு கண்ணி) மாறியிருக்கிறது. குளுட்டமிக் அமிலத்துக்குப் பதில் நீரை வெறுக்கும் வேலின். ஆக்சிஜன் குறைந்ததும் ஹீமோகுளோபின்கள் நீண்ட இழைகளாகக் கூடிச் சிவப்பணுவையே வளைத்துவிடுகின்றன. ஒரு சிறு ஒட்டுப்பரப்பு போதும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

புரத வடிவமைப்பாளர்கள் செய்வது இதையே வேண்டுமென்று செய்வது. எந்தப் பரப்பு எந்தக் கோணத்தில் எதனோடு ஒட்ட வேண்டும் என்று கணினியில் கணக்கிட்டு, அதற்கேற்ற அமினோ அமில வரிசையை எழுதுகிறார்கள். வரிசை எழுதுவது பிறவினை. அதன்பின் நடப்பதெல்லாம் தன்வினை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பேக்கரின் குழு 2012-இல் 12, 24 துண்டுகள் கொண்ட கூண்டுகளையும், 2016-இல் இருவகைத் துண்டுகளால் ஆன 120 துண்டுக் கூண்டுகளையும் உருவாக்கியது. 2024 வேதியியல் நோபலில் பாதி பேக்கருக்கு.

அந்த 120 துண்டுக் கூண்டு ஒன்றில்தான் கட்டுப்பாடு எப்படி வருகிறது என்பது நன்றாகத் தெரிகிறது. ஒரு வகைத் துண்டு மும்மூன்றாகக் கூடும், மற்றது ஐந்தைந்தாக. இரண்டையும் தனித்தனிப் பாத்திரத்தில் வைத்தால் கூண்டு உருவாகாது. கலந்தால் 20 மும்மைகளும் 12 ஐம்மைகளும் பொருந்திக் கூண்டாகின்றன. கலக்கும் நேரம் நம் கையில். தென்கொரியாவில் 2022-இல் அனுமதி பெற்ற ஸ்கைகோவியோன் என்ற கொரோனா தடுப்பூசி இந்தக் கூண்டின் மேல்தான் வைரஸ் புரதத்தின் 60 பகுதிகளைத் தாங்குகிறது.

கலப்பது ஒரு வழி. துத்தநாகம் போன்ற உலோக அயனி, வெப்பம், ஒளி, அமிலத்தன்மை என வேறு ஏவல்களும் உண்டு. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம், சுற்றிலும் அமிலத்தன்மை கூடினால் நேர்மின்னூட்டம் பெறும். அதை ஒட்டுமிடத்தில் புதைத்து வைத்தால், செல்லுக்குள் அமிலம் மிகுந்த பைக்குள் போனதும் துண்டுகள் ஒன்றையொன்று தள்ளிப் பிரியும். மருந்தை அங்கே இறக்கிவிடலாம் என்பது திட்டம்.

இயற்கையிலும் இப்படித் தலையிடும் சரக்கு உண்டு. நம் மாநில மலர் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் கோல்ச்சிசின், டியூபுலின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு அது நுண்குழலாகக் கூடவிடாமல் தடுக்கிறது. நுண்குழல் இல்லாவிட்டால் செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்க முடியாது. கிழங்கு நஞ்சாவதில் இதற்குப் பெரும்பங்கு. கீல்வாதத்துக்கு அளந்து கொடுக்கும் மருந்தும் அதே கோல்ச்சிசின்தான்.

‘கட்டுப்படுத்தக்கூடிய தற்கூடல்’ என்று எழுதினால் இரண்டு கூடல்கள் மோதி நாக்கு தடுக்குகிறது. ‘நெறிப்படுத்திய தற்கூடல்’ என்று எழுதலாம். வினையாகச் சொல்ல ‘தாமே கூடும் புரதம்’ போதும். கூடியது பிரிவதற்கு ‘கலைதல்’, நாம் பிரித்தால் ‘கலைத்தல்’. கூட்டம் கலைந்தது என்று நாம் தினமும் சொல்வதுதான்.